நான் குடிக்காத மருந்து

காட்டு வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கம். வெயில் காந்தாது, பருத்திமார்க் குச்சி கையைக் கீறாது. தலைக்கு அவருடைய துண்டையே கட்டிக்கொள்வோம். அந்த வேஷத்தில்தான் நான் ஒருநாள் சாவின் வாசல் வரை போய்த் திரும்பினேன். பூச்சிமருந்து அடிக்கிற வீடுகளில் இன்றைக்கும் அதே சட்டையும் துண்டும் கொடியில் ஒன்றாகத் தொங்குவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிங்காநல்லூரிலிருந்து கிழக்கே போகிற டவுன் பஸ் கடைசியாக நின்று திரும்புகிற இடத்தில் எங்கள் தோட்டம். வீட்டுக்காரர் பெயர் பழனிச்சாமி. ஒரே மகள் கவிதா, அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் பருத்தியில் காய்ப்புழு வந்து எங்களைப் பாடாய்ப்படுத்தியது. முன்பெல்லாம் சைபர்மெத்ரின் அடித்தால் புழு பொத்தென்று விழும். அந்த வருஷம் விழுந்த புழு சாயங்காலம் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி காயைக் குடைந்தது. மருந்துக்கடைக்காரர் குயினால்பாஸ் எழுதிக் கொடுத்தார். இவர் வாங்கி வந்து முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அடித்தார். டேங்க் மூடியில் வாஷர் போய்விட்டிருந்தது. மருந்து வழிந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துண்டால் மூடியைச் சுற்றிக் கட்டி அடித்து முடித்தாராம். இரண்டையும் கழற்றிச் சாளையில், அதாவது எங்கள் காட்டுக் கொட்டகையில், கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்றைக்கு இரவு எங்களுக்குள் சண்டை. பொள்ளாச்சியில் என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. இவர் வரமுடியாது என்றார். புழு இருக்கும்போது எப்படிப் போவது என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போங்க, நானும் போகலை. இந்தக் காட்டுலயே கெடந்து செத்துப்போறேன். அப்பறம் நீங்களும் உங்க புழுவும் சந்தோசமா இருங்க" என்றேன்.

இந்த வசனத்தை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வேன். சாம்பாரில் உப்பு போதவில்லை என்று அவர் சொன்னால்கூட இதே வசனம்தான். சொன்ன மறுநிமிஷம் மறந்தும் போவேன்.

மறுநாள் வெங்காயக் காட்டில் களை வெட்டப் போனேன். கொடியில் காய்ந்து கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டேன், துண்டைத் தலையில் கட்டினேன். சட்டையில் மருந்து வாசம் இருந்தது. எங்கள் வீட்டில் எதில்தான் அந்த வாசம் இல்லை? நல்ல வெயில். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியது. உச்சி வெயில் ஏறும்போது தலைவலி ஆரம்பித்தது. கண் மங்கியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வெயில் தாங்கவில்லை, முகம் கழுவினால் சரியாகிவிடும் என்று மோட்டார் ரூம் வரை நடந்தேன். தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் நினைவில்லை.

பிறகு சொல்லக் கேட்டது இது. இவர் வந்து பார்த்தபோது நான் வாயில் நுரையோடு கிடந்திருக்கிறேன். பக்கத்திலேயே முந்தின நாள் தீர்ந்துபோன மருந்துப் பாட்டில். முந்தின ராத்திரி நான் சொன்ன வசனமும் அவர் காதில் இருந்தது. வேறு என்ன நினைப்பார் மனுஷன்? பக்கத்துத் தோட்டத்து வேனில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கேட்டதற்கு, "மருந்து குடிச்சுப்போட்டாளுங்க" என்று சொன்னாராம்.

அந்த ஒரு வார்த்தையில் என் வைத்தியம் முழுக்கத் தீர்மானமாகிவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கரியைக் கரைத்து உள்ளே ஊற்றினார்கள். நனைந்திருந்த துணிகளைக் கத்தரித்து எடுத்துவிட்டு, உடம்பைத் துடைத்து ஆஸ்பத்திரி கவுன் மாட்டினார்கள். தலைமுடியை மட்டும் அப்படியே சுருட்டி உச்சியில் கொண்டை போட்டு, மேலே ஒரு துணித் தொப்பியை மாட்டிவிட்டார்கள்.

எனக்கு நினைவு வந்தது என்று சொல்ல முடியாது, ஏதோ வந்தது. அட்ரோபின் என்று ஒரு ஊசி. பூச்சிமருந்து உடம்பில் ஊற வைக்கிற எச்சிலையும் வியர்வையையும் சளியையும் அது வற்ற வைக்கும். வற்ற வைத்த வேகத்தில் நாக்கு அட்டைபோல ஒட்டிக்கொண்டது. முகம் நெருப்பாக எரிந்தது. புத்தியும் கொஞ்சம் கழன்றது. மேலே சுற்றுகிற ஃபேனில் பருத்தி வெடித்திருப்பதாக எனக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் காற்றில் பருத்தி பறித்து மடியில் போட்டுக்கொண்டே இருந்தேனாம். "சரசு, போதுங் கண்ணு, நாளைக்குப் பறிச்சுக்கலாம்" என்று இவர் கையைப் பிடித்தால், கூலி தரமாட்டீர்களா என்று சண்டை பிடித்திருக்கிறேன். அவர், "தாரேன் கண்ணு, தாரேன்" என்று அழுதிருக்கிறார்.

தெளிந்த பிறகு பார்த்தால் மனுஷன் ஆளே மாறியிருந்தார். ஸ்பூனால் தண்ணீர் ஊட்டினார். காலைப் பிடித்துவிட்டார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் என் காலை அவர் தொட்டது அதுதான் முதல்முறை. ஒருநாள் ஒரு பட்டுச்சேலையை வாங்கிவந்து கட்டிலில் வைத்தார், கண்ணைப் பறிக்கிற கத்திரிப்பூ நிறம்.

"உந் தங்கச்சி ஊட்டுக்கு இதக் கட்டிட்டுப் போலாம்" என்றார்.

"புதுமனை முடிஞ்சிருக்குமேங்க?"

"முடிஞ்சா என்ன, ஊடு அங்கதானே இருக்கும்? இனிமே எந்த விசேசத்துக்குன்னாலும் போலாங் கண்ணு. பருத்தியே வேண்டாம். பூராத்தையும் உழுதுபோட்டுச் சோளம் வெதைச்சர்லாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செத்துப் பிழைத்தவளிடம் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் போல என்று நினைத்துச் சுகமாக அனுபவித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பார்க்க வந்த என் அண்ணன் இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வராந்தாவில் ஒருவர் இந்தப் பெஞ்சில், ஒருவர் அந்தப் பெஞ்சில். அண்ணி மட்டும், "மனசுல வெச்சுக்காத அம்மணி, எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லீருக்கலாமல்ல" என்று என் தலையைத் தடவினாள். கவிதாவை அவள்தான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் வந்த அன்றைக்குத்தான் விஷயம் எனக்கு உறைத்தது. விஷம் என்றால் ஸ்டேஷனுக்குச் சொல்லியாக வேண்டுமாம். வயதானவர், நல்ல மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னம்மா மனக்கஷ்டம்? புருசன் அடிச்சாரா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லீங்க. அவரு கை ஓங்குனதே இல்லீங்க."

"பின்ன ஏம்மா குடிச்சே?"

"நான் ஒண்ணுங் குடிக்கலீங்களே."

அவர் இரக்கத்தோடு தலையாட்டினார். இந்தப் பதிலை நிறையப் பேரிடம் கேட்டவர் என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. கதவருகே இவர் நின்றிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்தும் முகத்தில் ஒரு தெளிச்சல் வரவில்லை. போலீஸ்காரர் போனதும் இவர் கிட்டே வந்து, "உடு கண்ணு. நடந்தது நடந்துபோச்சு. அதப்பத்தி யாரும் பேச வேண்டாம்" என்றார்.

சேலையும் கால் பிடித்ததும் எதற்கென்று அப்போது புரிந்தது. நான் அவரை விட்டுச் சாகத் துணிந்தவள் என்று நம்பிக்கொண்டு இந்த மனுஷன் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு வீட்டுக்குப் போனாலும் இது கூடவே வரும். நான் கிணற்றுப் பக்கம் போனால் பின்னாலேயே வந்து நிற்பார். கவிதா பெரியவளாகி, "எங்கம்மா மருந்து குடிச்சவங்க" என்று நினைப்பாள். குடிக்கவில்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும், ரத்தத்தில் விஷம் இருக்கிறது என்று பரிசோதனை சொல்லிவிட்டது. குடிக்காமல் அது எப்படி வந்தது? ஃபேனில் பருத்தி பறித்தவள்தானே நான். ஒருவேளை குடித்துத்தான் விட்டேனோ, அதுவும் மறந்துபோனதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்த நாட்களில் மிக மோசமானது இந்தச் சந்தேகம்தான். ஊசிகூட அப்புறம்தான்.

டாக்டரம்மா பொறுமைசாலி. உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். புரிகிற மாதிரி சொன்னார். நரம்பு தசைக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் ஒரு சொட்டு ரசாயனத்தை அனுப்பும். தசை சுருங்கும். சுருங்கியதும் அந்தச் சொட்டைக் கூட்டித் தள்ள ஒரு என்சைம் இருக்கிறது. இந்த வகைப் பூச்சிமருந்து அந்தக் கூட்டுகிற ஆளின் கையைக் கட்டிப் போட்டுவிடும். சேதி அழியாமல் தசை துடித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் ஓய்ந்து நின்றுவிடும். மூச்சுத் தசையும் அப்படித்தான். புழுவுக்கும் இதே கதைதான், மனுஷனுக்கும் இதே கதைதான் என்றார். தினமும் காலையில், "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க பார்க்கலாம்" என்பார். கழுத்துத் தசைதான் முதலில் ஓயுமாம். அது விழுந்தால் அடுத்து மூச்சு விழும், மெஷினில் போட வேண்டிவரும். நான் பல்லைக் கடித்துத் தூக்குவேன். ஒருநாள் நாலு விரல் உயரம் வரும், மறுநாள் வராது. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அட்ரோபினைக் குறைத்தால் வியர்வையும் எச்சிலும் திரும்ப வந்தன. "வயித்தைச் சுத்தமாக் கழுவியாச்சே, இன்னும் எங்கிருந்து வருது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார்.

அடுத்த கட்டிலில் மதுக்கரைப் பக்கத்து அம்மா ஒருவர், சர்க்கரைக்காகச் சேர்ந்திருந்தார். அவர் தோட்டத்தில் கத்தரிக்காய். என் வீட்டுக்காரர் பூச்சிமருந்து தெரிந்தவர் என்று கண்டுபிடித்து, சும்மா விடவில்லை.

"ஏனுங்க தம்பி, அத்தன மருந்துங்கறாங்களே, அல்லாம் ஒண்ணுதானுங்களா?"

இவருக்கு மருந்தைப் பற்றிப் பேசினால் பசியே எடுக்காது. விவசாய ஆபீஸ் கூட்டம் ஒன்றுவிடாமல் போய்வந்தவர்.

"இல்லீங்கம்மா. எலையத் தின்னாத்தான் சாகறது ஒரு வகை, வயித்து நஞ்சும்பாங்க. செடி சாத்துல ஏறி நிக்கிறது ஒரு வகை, சாறு உறிஞ்சற அசுவினிக்கு அதுதான் தோது. மூட்டைக்குள்ள பொகையாப் போறது இன்னொண்ணு. புழுவத் தோலுரிக்க உடாமப் பண்றதுகூட இப்ப வந்துருக்குதுங்க."

"நீங்க அடிச்சது எதுங்க?"

"அது தொடு நஞ்சுங்க, தின்னாலும் கேக்கும். ஆனா வாயே வேண்டாம். மேல பட்டாப் போதும், மருந்து மேல ஊர்ந்தாப் போதும். தோலு வழியாவே உள்ள எறங்கிரும்."

என் கட்டிலில் கையை ஊன்றிக்கொண்டு இதைச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நர்ஸ் சிஸ்டர் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. புழுவுக்குத்தான் தோல் உண்டு, நமக்கு வாய் மட்டும்தான் உண்டு என்று எல்லோரும் நினைத்திருந்தோம் போலும்.

என் தலை அரித்தது. ஜுரச் சூட்டில் முடி சிக்குப் பிடித்து, எனக்கே குமட்டுகிற நாற்றம். சிஸ்டர் மலையாளத்துப் பெண். "விஷக் கேஸ் எல்லாம் இப்படித்தான் நாறும் சேச்சி. இனி உட்கார முடியுதல்லோ? யாராவது ஒண்ணு கழுவித் தரட்டும்" என்றார். அண்ணி ஊருக்குப் போயிருந்தாள். வேறு பெண்பிள்ளை யாரும் துணைக்கு இல்லை. இவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பெண்கள் வார்டில் ஒரு ஆம்பிளை பொண்டாட்டிக்குத் தலை கழுவுகிறார் என்று பாத்ரூம் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மதுக்கரை அம்மா எல்லோரையும் விரட்டினார். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, நிற்காத என் கழுத்தை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

"எருமை தேய்ச்ச கையிதான் கண்ணு. வலிச்சாச் சொல்லு."

"எருமை சொல்லுச்சுங்களா?"

சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். கொண்டையைப் பிரித்து, வெந்நீரை ஒரு சொம்பு ஊற்றினார். இரண்டாவது சொம்பு ஊற்றினார். ஆவியோடு சேர்ந்து அந்த வாசம் குப்பென்று எழுந்தது. மண்ணெண்ணெயும் வேறு ஏதோவும் கலந்த வாசம். அவர் கை நின்றுவிட்டது. குனிந்து என் உச்சந்தலையை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"சரசு, இது மருந்து வாசமல்ல? தலைல எப்படி வந்துது?"

"உங்க துண்டத்தானுங்க கட்டியிருந்தேன்."

"எந்தத் துண்டு?"

"சாளைக் கொடில கெடந்துதே, அது. சட்டையும் அங்கிருந்துதானுங்க எடுத்தேன்."

அவர் மெதுவாக, கூட்டத்தில் பாடம் ஒப்பிக்கிறவர்போல, "வாயே வேண்டாம், மேல பட்டாப் போதும்" என்றார். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் தலை அவர் தோளில் விழுந்தது.

சிஸ்டர் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அவர் முடியை முகர்ந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாயையே பார்த்துக்கிட்டு இருந்துட்டோம். தலை வழியா இத்தனை நாளும் உள்ள போயிட்டே இருந்திருக்கு" என்றார். கையுறை போட்டு, சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவச் சொன்னார். முடியைக் கத்தரித்துவிட்டால் இன்னும் நல்லது என்றார். கத்தரியுங்கள் என்றேன். இடுப்பு வரை இருந்த முடி ஒரு பாலித்தீன் பையில் போனது. எண்ணெயில் கரைத்த மருந்து தோலுக்குள் சுலபமாக இறங்கும், அதில் வியர்வையும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் வேகமாக இறங்கும், அடிக்கிற சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும், வேறு யாரும் போடக்கூடாது என்று விளக்கினார். இவருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அந்த என்சைம் குறைந்துதான் கிடந்தது. மருந்தடித்த ராத்திரிகளில் இவருக்கு வருகிற தலைவலியை நாங்கள் வெயில் தலைவலி என்றே வைத்திருந்தோம். முடி போன மறுநாள் அட்ரோபினைக் குறைத்தார்கள், வியர்வை திரும்ப வரவில்லை. அதற்கடுத்த காலையில் தலையைத் தூக்கினேன், நின்றது.

ஆனால் நான் சொல்ல வந்தது முடி கத்தரித்த அந்தச் சாயங்காலத்தைப் பற்றி. டாக்டரம்மா போனதும் இவர் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனார். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"மச்சாங்க, நாந்தானுங்க. எம்பட சட்டைல இருந்த மருந்துதானுங்க. துண்டும் எம்பளதுதான். அவ குடிக்கலீங்க."

பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்ல ஓடிவந்தவர் குரல் அது. அவர் சட்டையால்தான் நான் சாகக் கிடந்தேன் என்பதை அப்படி ஒரு சந்தோஷத்தோடு சொன்னார். அண்ணன் எழுந்து, "வாங்க மாப்ள, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றது கேட்டது.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. ஒட்டக் கத்தரித்த என் தலையைப் பார்த்தார்.

"போலீசுகிட்ட அன்னைக்கே சொன்னியே கண்ணு, குடிக்கலைன்னு. நான் நம்பாமப் போயிட்டேனே."

எனக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. "நீங்க எங்கிட்ட ஒருக்காக்கூடக் கேக்கலீங்களே. இத்தன நாள் பக்கத்துலயே உக்காந்துட்டு, குடிச்சியா சரசுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லங்க?"

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிப்போட்டீன்னா, அப்பறம் நான் எப்படிக் கண்ணு உசுரோட இருக்கறது?"

நான் கையை நீட்டி அவரைக் கிட்டே இழுத்து, அவர் மார்பில் என் கத்தரித்த தலையைச் சாய்த்துக்கொண்டேன். வார்டே எங்களைப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.